சிறைப் படங்களும் காணாமல்போன குறிப்புகளும்

பழைய சிறைப் படங்களுக்கு இப்போது நல்ல மவுசு. உயர்ந்த மதில், வரிசையாக நிற்கும் கைதிகள், நாற்காலியில் மிடுக்காக உட்கார்ந்திருக்கும் ஜெயிலர் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தால் போதும். ஒருவர் ‘அந்தமான்’ என்பார், இன்னொருவர் ‘கோவை’ என்று பரப்பிவிடுவார். படம் அசலாகவே இருக்கலாம். ஆனால் எந்த ஊர், எந்த ஆண்டு, யார் யாருக்காக எடுத்தது என்ற குறிப்பில்லாத சிறைப் படம் சரித்திரச் சான்றாகாது. சிறைக்குள் காமிரா அதிகாரியின் அனுமதியோடுதான் நுழைந்தது. கண்ணாடித் தகட்டில் படம்பிடித்த அந்தக் காலத்தில், இருண்ட கொட்டடிக்குள் படமெடுப்பது பெரும்பாடு. அதனால் வெயில் விழும் முற்றத்தில் ஆட்களை அசையாமல் நிறுத்தி எடுத்தார்கள். அந்த ஒழுங்கு அன்றாடம் இருந்ததா, படத்துக்காக வந்ததா என்பதைப் படம் சொல்லாது.

அதிகாரியைப் பெருமைக்காக எடுத்த காமிரா, கைதியை அடையாளத்துக்காக எடுத்தது. கைதிகளின் உடல் அளவுகளையும் புகைப்படத்தையும் எடுக்க 1920இல் தனிச் சட்டமே வந்தது. 2022இல்தான் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் பிறந்தது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், கைதிகளிலேயே சிலரைச் சிறைப் பணியில் அமர்த்த இடம் கொடுத்தது. ‘கன்விக்ட் வார்டர்’ எனப்பட்ட அவர்கள், தண்டனையை அனுபவித்துக்கொண்டே சக கைதிகளை மேய்த்தவர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் ஓரத்தில் விறைப்பாக நிற்பவர் சம்பளக்காரரா, தண்டனைக்காரரா? குறிப்பு இல்லையென்றால் கைதியையே காவலராக்கிவிடுவோம்.

விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சி.யை எடுத்துக்கொள்வோம். 1908 முதல் 1910 வரை கோவைச் சிறை, பிறகு 1912 டிசம்பர் வரை கண்ணனூர்ச் சிறை. சிறையில் அவர் இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. ஆனாலும் செக்கு என்றதும் நம் கண்முன் வருபவர், 1961இல் வெளியான ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தின் சிவாஜி கணேசன்தான். அதனால் என்ன, விஷயம் மக்களிடம் போய்ச் சேர்ந்ததே பெரிது என்பார்கள். சரிதான், ஆனால் சினிமா தன்னைச் சினிமா என்று சொல்லிக்கொண்டு வந்தது. இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் வரைந்து, பழுப்பேற்றி, கீறல் போட்டுத் தரும் படம் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அதில் ஒன்று பொய்யென்று பிடிபட்டால், நடந்த கொடுமையே கட்டுக்கதை என்று வாதாட ஒருவர் கிளம்புவார். நல்ல நோக்கத்தோடு பரப்பியவரே அந்த வாதத்துக்கு வழிசெய்தவராகிறார்.

குறிப்பில்லாத படங்களின் ஆபத்து நம் சென்னையிலேயே தொடங்கிவிட்டது. 1837இல் கட்டிய சென்னை மத்திய சிறை 2006இல் காலியாகி, கைதிகள் புழலுக்குப் போனார்கள். 2009இல் இடிப்பதற்கு முன் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டபோது கூட்டம் அலைமோதியது. அன்று எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்க்க இன்று கட்டடம் இல்லை. எந்த பிளாக், எந்தக் கொட்டடி, எந்தத் தேதி என்பதை எடுத்தவர்கள் நினைவிருக்கும்போதே எழுதிவைத்தால்தான் உண்டு. மதிலை இடித்ததற்கு ஆஸ்பத்திரிக்கு இடம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். படத்துக்குக் கீழே நாலு வரி எழுதாமல் விட்டதற்கு நாம் என்ன காரணம் சொல்லப்போகிறோம்?