குளிசை எண்ணிக் கொடுப்பதோடு முடியாத வேலை

சில மாதங்களுக்கு முன், நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஒரு அம்மா வந்தார். 2009இல் ஒரு காலை இழந்தவர், பொய்க்காலோடு நடப்பவர். இரண்டு கிழமையாகத் தலை சுற்றுகிறதாம், கிணற்றடியில் விழுந்தும் விட்டாராம். தலைச்சுற்றுக்கு ஏதாவது குளிசை தரச் சொல்லிக் கேட்டார்.

கடையில் சனம். கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஏனோ மனம் கேட்கவில்லை. "வீட்டில இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு பின்னேரம் வாங்கோ அம்மா" என்றேன்.

பையில், அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் கொடுத்த லோசார்ட்டன் இருந்தது. தனியார் வைத்தியர் ஒருவர் எழுதிக் கொடுத்த பிரஷர் குளிசையும் இருந்தது. பெட்டியில் கம்பனிப் பெயர் பெரிதாக, அதன் கீழே சின்ன ஆங்கில எழுத்தில் அதே லோசார்ட்டன். "ஒண்டு வெள்ளை, மற்றது பச்சை. வேற வேற வருத்தத்துக்கு எண்டெல்லோ நினைச்சன் தம்பி." மூன்றாவதாக, காலின் நோவுக்குக் கடையில் வாங்கிய டைக்லோபெனாக். லோசார்ட்டனோடு அதைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

எந்த மருந்தையும் நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். பிரஷர் குளிசைகளில் ஒன்றையும் டைக்லோபெனாக்கையும் அவர் நிறுத்தினார்.

1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னியில் உதவியாளராக இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அப்போது எங்கள் வேலை இருப்பதைப் பங்கிடுவது. ஒருவருக்கு முழு மாதத்துக்கும் கொடுத்தால் அடுத்தவருக்கு இல்லை. பிறகு துண்டைப் பார்த்து எண்ணிக் கொடுக்கும் வேலையானது. எண்ணுவதை இப்போது இயந்திரமே செய்யும். அப்படியென்றால் மருந்தாளருக்கு மிஞ்சுவது என்ன?

புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் வாழும் நாடுகளில் இதற்கான விடை தெரியத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் தொண்டை நோ, காது நோ, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று உட்பட 7 வருத்தங்களுக்கு மருந்தாளரே பார்த்து மருந்து கொடுக்கலாம். 2026 முதல் அங்கு புதிதாகப் பதிவாகும் மருந்தாளர்கள் மருந்து எழுதும் தகுதியோடே வருவார்கள். கனடாவின் ஒன்ராறியோவில் 2023 ஜனவரியில் 13 சிறு வருத்தங்களுக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் அது 19 ஆனது.

இலங்கையில் அது உடனே வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சுவரில் மருந்தாளரின் சான்றிதழ் மட்டும் தொங்க, ஆள் இல்லாமல் நடக்கும் கடைகள் இருக்கும்போது எழுதும் அதிகாரம் ஆபத்தானது. எங்களுக்கு முதலில் தேவை அந்தப் பையைப் பார்க்கும் வேலை. 2022 நெருக்கடிக்குப் பிறகு இது எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வைத்தியசாலையில் இல்லாததை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு கொடுத்தார்கள். ஒரே மருந்து மாதத்துக்கு ஒரு நிறத்தில் வந்தது. 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டப்படி வைத்தியர் மருந்தின் மூலப்பெயரை எழுத வேண்டும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு அந்தப் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுப்பது யார்?

இன்னொரு சங்கடமும் உண்டு. பிரிகபலின் என்ற குளிசை, நரம்பில் காயம்பட்டவர்களின் எரிவுக்கும் குத்துக்கும் நல்ல மருந்து. அதையே இளம் பிள்ளைகள் போதைக்காகத் தேடுகிறார்கள். காயப்பட்டவரையும் போதைக்கு வந்தவரையும் ஒரே மாதிரிச் சந்தேகித்துத் துரத்தினால், இரவெல்லாம் நோவில் கிடப்பது காயப்பட்டவர்தான். துண்டைச் சரிபார்த்து, ஆளோடு கதைத்துத்தான் இதைத் தீர்மானிக்கலாம். எந்த இயந்திரமும் அதைச் செய்யாது.

கதைக்க நேரம் வேண்டும், மற்றவர் காதில் விழாத ஓர் இடம் வேண்டும், தமிழில் விளங்கப்படுத்தும் ஆள் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மருந்தியல் பட்டதாரிகளை உருவாக்குகிறது. அவர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திக் குளிசை மட்டும் எண்ண வைத்தால் படிப்பு வீண்.

அந்த அம்மா போன கிழமையும் வந்தார். இப்போது தலை சுற்றுவதில்லையாம். கையில் ஒரு பை இருந்தது. "இது என்ர இல்லை தம்பி, பக்கத்து வீட்டு ஐயாவின்ர. ஒருக்கால் பாருங்கோ" என்று மேசையில் கொட்டினார்.