சும்மா இருக்கும்போது தூங்கட்டும்!

லேப்டாப்பில் ஒரு கடிதம் டைப் செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வெப்கேமராவுக்கு வேலை இல்லை. கார்டு ரீடருக்கும் இல்லை. பிறகு அவை எதற்கு மின்சாரம் சாப்பிட வேண்டும்? கம்ப்யூட்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, வேலையில்லாத பாகத்தை மட்டும் தூங்க வைப்பதை ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் என்கிறோம். மூடியை மூடினால் லேப்டாப் மொத்தமாகத் தூங்குகிறதே, அந்த ஸ்லீப் வேறு, இது வேறு.

எது எப்போது தூங்கலாம் என்பதைக் கவனிப்பது அந்தப் பாகத்தை இயக்கும் டிரைவர் என்ற புரோகிராம். டிரைவர் எழுதுவதுதான் என் வேலை.

லினக்ஸில் இதற்கான பொது ஏற்பாடு 2009 டிசம்பரில் வெளியான 2.6.32 கெர்னலில் வந்தது. கெர்னலின் வழி எளிமையானது. ஒரு வாசகசாலையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருகிறவர் பலகையில் உள்ள எண்ணில் ஒன்றைக் கூட்ட வேண்டும். போகிறவர் ஒன்றைக் கழிக்க வேண்டும். எண் பூஜ்யமானால் விளக்கை அணைக்கலாம். ஆனால் உடனே அணைப்பதில்லை. அடுத்த நொடியே இன்னொருவர் வரலாம் அல்லவா? அதனால் சிறிது நேரம் காத்திருக்கும். யுஎஸ்பி சாதனங்களுக்கு லினக்ஸில் வழக்கமான காத்திருப்பு 2 விநாடி.

கழிக்க மறந்தால் என்ன ஆகும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே பார்த்தேன். கையடக்கக் கருவி ஒன்றின் சென்சாருக்கு டிரைவர் எழுதினேன். சென்சாரைப் படிக்கும்போது பிழை வந்தால் உடனே திரும்பிவிடும்படி எழுதியிருந்தேன். கழிக்கும் வரியோ அதற்குக் கீழே இருந்தது! ஒரே ஒரு பிழை வந்தது. எண் 1-லேயே நின்றுவிட்டது. இரவு முழுவதும் சென்சார் தூங்கவில்லை. காலையில் பேட்டரி காலி. பேட்டரிதான் மோசம் என்று இரண்டு நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு வரியைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. தூங்கிய சாதனம் ஒழுங்காக எழுந்திருக்காது. சிறிது நேரம் தொடாமல் விட்டால் உங்கள் யுஎஸ்பி சாதனம் காணாமல் போகிறதா? முதலில் அதன் டிரைவரைப் புதுப்பியுங்கள். சரியாகவில்லை என்றால், விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யுஎஸ்பி ரூட் ஹப் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் டேபுக்குச் செல்லுங்கள். மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் கட்டத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். சில லேப்டாப்களில் இந்த டேப் இருக்காது.

ஒன்றை மறக்காதீர்கள். எல்லாவற்றிலும் டிக்கை எடுத்தால் எதுவும் தூங்காது. பேட்டரிதான் சீக்கிரம் தீரும். தொல்லை தருவதை மட்டும் எழுப்பி வையுங்கள். மற்றவை தூங்கட்டும்!