எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி

எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி என்பது தமிழில் எண்களைக் குறிக்கும் சொற்கள் ஒன்றோடொன்று சேரும்போது ஏற்படும் எழுத்து மாற்றங்களைக் குறிக்கும். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் இறுதி இயலான குற்றியலுகரப் புணரியலும், நன்னூலின் உயிரீற்றுப் புணரியலும் இதற்கு விதி கூறுகின்றன.

ஆங்கிலத்துடன் ஒப்பீடு

ஆங்கிலத்தில் 21 முதல் 99 வரையுள்ள கூட்டெண்களை எழுத்தால் எழுதும்போது இரு சொற்களுக்கும் இடையே சிறுகோடு இடுவது மரபு. எடுத்துக்காட்டு: ட்வென்டி-ஒன். 30, 40 போன்ற முழுப் பத்துகளுக்குக் கோடு இல்லை. தமிழில் இப்பணியைப் புணர்ச்சியே செய்கிறது. இருபது, ஒன்று என்பவை இருபத்தொன்று என ஒரே சொல்லாகின்றன. இலக்கத்தோடு உருபு சேரும் இடத்தில் மட்டும் தமிழிலும் கோடு வழங்குகிறது: 5-ஆம், 1955-இல். எண்ணை எழுத்தால் எழுதினால் ஐந்தாம் எனக் கோடின்றி அமையும்.

முதன்மையான மாற்றங்கள்

* பத்து என்பது பெரும்பாலும் பதின் என்றாகும்: பதினொன்று, பதினாறு. பன்னிரண்டு, பத்தொன்பது ஆகியவை வேறுபடுவன.
* இருபது முதலியவற்றின் ஈற்றில் தகரம் இரட்டும்: முப்பத்தாறு, நாற்பத்தெட்டு. பேச்சில் வழங்கும் 'இருபத்தி' என்னும் வடிவம் எழுத்து வழக்கில் 'இருபத்து' என அமையும்.
* நூறு என்பது நூற்று என்றாகும்: நூற்றொன்று.
* ஆயிரம் என்பது அத்துச் சாரியை பெறும்: ஆயிரத்தொன்று.
* மூன்று, நூறு சேர்ந்தால் முந்நூறு. இதனை 'முன்னூறு' என எழுதுவது பிழை. ஐந்து, நூறு சேர்ந்தால் ஐந்நூறு. ஐநூறு என்பதும் இன்று பரவலாக வழங்குகிறது.

ஆவடியில் காங்கிரசு மாநாடு நடைபெற்ற 1955 ஆம் ஆண்டை எழுத்தால் எழுதினால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து என வரும்.

ஒன்பதின் சிக்கல்

எட்டு வரை முறையாகச் செல்லும் வரிசை ஒன்பதில் மாறுகிறது. எண்பதுக்குப் பின் 90 என்பது தொண்ணூறு. அதில் 'நூறு' ஒலிக்கிறது. எண்ணூறுக்குப் பின் 900 என்பது தொள்ளாயிரம். அதில் 'ஆயிரம்' ஒலிக்கிறது. ஒன்பது பத்துடனும் நூறுடனும் சேரும்போது இவ்வாறு திரியும் என நன்னூல் விதிக்கிறது. ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பழஞ்சொல் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியலில் அது ஆளப்பட்டுள்ளது. தொண்ணூறு முன்பு 900-ஐயும், தொள்ளாயிரம் 9000-ஐயும் குறித்தன என்றும், தொண்டு வழக்கொழிந்தபின் இச்சொற்கள் ஒவ்வோர் இடம் கீழிறங்கின என்றும் தேவநேயப் பாவாணர் கருதினார்.

இடப்பெயரில்

சென்னையின் மேற்கிலுள்ள அம்பத்தூரின் பெயர் ஐம்பத்தூர் என்பதன் திரிபு என்றும், சக்தித் தலங்களுள் ஐம்பத்தொன்றாவது இங்குள்ளதால் இப்பெயர் வந்தது என்றும் ஒரு விளக்கம் வழங்குகிறது. ஐம்பது பேச்சில் அம்பது ஆவதால் ஒலியளவில் இது பொருந்துகிறது. ஆயினும் பெயரில் ஒன்று என்னும் சொல்லோ அதன் திரிபோ இல்லை. ஒலி ஒற்றுமை மட்டும் ஒரு பெயரின் வரலாற்றை உறுதி செய்யாது.

நடைமுறை முக்கியத்துவம்

இந்தியாவில் காசோலையை ஆங்கிலம், இந்தி அல்லது வட்டார மொழியில் எழுதலாம். தொகை இலக்கத்தில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருப்பின், எழுத்தில் உள்ளதே செலுத்தத்தக்க தொகை என 1881 ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு கூறுகிறது. இதன்படி 9,000 ரூபாய்க்கு ஒன்பதாயிரம் என எழுத வேண்டிய இடத்தில் தொள்ளாயிரம் என எழுதினால், அந்த ஆவணம் 900 ரூபாய்க்கே உரியதாகும். எனவே எண்ணுப்பெயர்களைப் பிழையின்றி எழுதுவது இலக்கணத் தேவை மட்டுமன்று. பணத்தைக் காக்கும் தேவையும் ஆகும்.