துப்பாக்கி விசையில் கைவைக்கும் முன்

ரைஃபிளின் விசை என்றால் விரல் படும் வளைந்த இரும்பு மட்டுமல்ல. அதற்குப் பின்னால், அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கோடு காத்திருக்கும் சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற சிறு கொக்கி இருக்கிறது. கொக்கியும் அதைத் தாங்கும் விளிம்பும் ஒன்றோடொன்று பற்றியிருக்கும் இடம் பல ரைஃபிள்களில் அரை மில்லிமீட்டர் அளவுதான். விசை சொரசொரப்பாக, கனமாக இருக்கிறது என்று அரத்தையும் உப்புத்தாளையும் எடுப்பவர் கைவைப்பது இந்த அரை மில்லிமீட்டரில்தான்.

ஆபத்து எங்கே?

பல விசைகளில் அந்த விளிம்பின் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டது. தேய்த்தால் தோல் போய், உள்ளே இருக்கும் மென்மையான எஃகு வெளிப்படும். முதல் நாள் வழுவழுப்பாக இயங்கும் விசை, போகப்போகத் தேய்ந்து பிடியை இழக்கும். கோணம் சற்று மாறினாலும் கொக்கி தானாக நழுவும். ஸ்பிரிங்கை வெட்டிச் சுருக்கினால், இழுத்த விசை முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்பாமல் போகலாம். பிறகு தோட்டா அறையை மூடும் போல்ட்டை அடைத்தாலோ, துப்பாக்கி கீழே விழுந்தாலோ, விரல் படாமலே வெடிக்கும். பாதுகாப்புப் பூட்டை மட்டும் நம்ப முடியாது. பூட்டை விடுவிக்கும் கணத்திலேயே வெடிப்பதும் உண்டு.

ரெமிங்டன் 700 தரும் பாடம்

1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, ரெமிங்டன் நிறுவனத்தின் இந்த ரைஃபிளின் பழைய மாடல்களில், பூட்டை விடுவித்தால்தான் போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்க முடியும். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் மொன்டானா மாநிலத்தில் ஒரு தாய் அப்படித் தோட்டாவை எடுக்கப் பூட்டை விடுவித்தபோது குண்டு பாய்ந்து, அவருடைய ஒன்பது வயது மகன் இறந்தான். இத்தகைய புகார்கள் வந்தபோதெல்லாம் நிறுவனம் சொன்ன பதில்களில் ஒன்று, உரிமையாளர் விசையை முறையின்றி மாற்றியிருப்பார் என்பது. விசையைத் தொடாதவரால் இதை மறுக்க முடியும். வீட்டில் தேய்த்தவரோ, பழுது நிறுவனத்தின் பிழையாகவே இருந்தாலும், தன் சாட்சியைத் தானே அழித்தவராகிறார்.

உரிமைகள்

அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டு நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிகளுக்குப் பொருந்தாது. எனவே உரிமையாளருக்குக் கைகொடுப்பவை நிறுவனம் தானாக அறிவிக்கும் திரும்பப்பெறுதலும் நீதிமன்றமும்தான். 2014 ஏப்ரலில் ரெமிங்டன், 2006 மே முதல் தயாரான எக்ஸ்-மார்க் புரோ என்ற விசைகளைத் திரும்பப் பெற்றது. பின்னர் ஒரு கூட்டு வழக்கின் சமரசப்படி லட்சக்கணக்கான ரைஃபிள்களுக்கு இலவச மாற்று விசை கிடைக்க வழி பிறந்தது. அதற்கான கெடு 2020 ஏப்ரலில் முடிந்தது. கெடு தவறினால் உரிமையும் கைநழுவும்.

சட்டம்

தேய்த்த விசையால் ஒரே இழுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தால், அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுச் சட்டம் அதை இயந்திரத் துப்பாக்கியாகக் கொள்ளும். பத்தாண்டு வரை சிறை உண்டு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆவது பிரிவின்படி, உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் மாற்றுவதையும் தடுக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு, பழுதுபார்க்கும் உரிமம் வேறு.

தீர்வு

விரல் படாமல் ஒருமுறை வெடித்தாலும் அந்தத் துப்பாக்கியை மேற்கொண்டு பயன்படுத்தக் கூடாது. குழலை ஆளில்லாத திசையில் வைத்தபடி தோட்டாக்களை அகற்ற வேண்டும். விசையைப் பிரிக்காமல், எண்ணெய்கூட இடாமல், இருந்தபடியே படமெடுத்து, தேதியையும் நடந்ததையும் எழுதிவைக்க வேண்டும். வரிசை எண்ணைச் சொல்லி, திரும்பப்பெறும் அறிவிப்பு உண்டா என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும். விசை கனமாக இருப்பதுதான் குறை என்றால், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, என்ன மாற்றினார் என்பதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். ஏற்கெனவே வீட்டில் தேய்த்த விசையை மறுபடி சரிக்கட்டப் பார்க்காமல், முழுதாக மாற்றுவதே வழி. அந்த ரைஃபிளை விற்பவர், வாங்குபவரிடம் அதை மறைக்காமல் சொல்வது கடமை.