நிலக்கரித் தொழிலாளிக்கு மரம்தான் நினைவுச்சின்னம்

டிசம்பர் 26 என்ன நாள் என்று கோட்டாறுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். 2004 சுனாமியில் கடல் கொண்டுபோனவர்களுக்காகக் குளச்சலிலும் மணக்குடியிலும் கல்லறைகளில் மெழுகுவர்த்தி எரியும் நாள் அது. மறுநாளும் ஒரு துக்க நாள்தான். நம் பக்கம் யாரும் அதைப் பேசுவதில்லை. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத்துக்கு அருகே, சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. கைவிடப்பட்ட பழைய குடைவுகளில் தேங்கிக் கிடந்த நீர், தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே வேலை செய்தவர்கள் மீது இறங்கியது. 370 பேருக்கு மேல் இறந்தார்கள். நீரை இறைத்து உடல்களை எடுக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று.

சுரங்க விபத்தில் இறந்தவர்களுக்கு மரம் நடும் வழக்கம் உலகில் பல இடங்களில் உண்டு. நிலக்கரித் தொழிலாளிக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் இல்லை என்பேன். காரணம், அவர் வெட்டியெடுத்ததே மரத்தைத்தான்.

தாமோதர் பள்ளத்தாக்கின் நிலக்கரி ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காடு. அப்போது இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. அங்கே சதுப்பில் செழித்தது குளோசாப்டெரிஸ் என்ற மரம். நாக்கு வடிவ இலை. சேற்றிலும் மூச்சு முட்டாதபடி காற்றறைகள் கொண்ட வேர். 1912இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பனியில் மாண்ட ஸ்காட் குழுவினர், சாகும் தறுவாயிலும் கைவிடாமல் இழுத்துவந்த சுமார் 16 கிலோ கற்களில் இந்த இலையின் பதிவும் இருந்தது. உதிர்ந்த இலையும் விழுந்த மரமும் மட்க வழியின்றிச் சேற்றில் அமிழ்ந்து, மேலே படிந்த மண்ணின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரியாயின.

அந்த மரம் எதனால் ஆனது? மண்ணால் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பெல்ஜியத்தில் வான் ஹெல்மாண்ட் என்பவர், நிறுத்து எடுத்த சுமார் 90 கிலோ மண்ணில் ஒரு வில்லோ கன்றை வைத்து ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியது. மண்ணில் குறைந்தது 60 கிராம் அளவுதான். எல்லாம் தண்ணீரின் வேலை என்று அவர் முடிவுகட்டினார். காற்றின் பங்கு பின்னர்தான் தெரிந்தது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். அது முழுவதும் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து இலை பிரித்தெடுத்தது.

என்னை மிகவும் வியக்கவைப்பது இனிமேல்தான். உயிருள்ள மரத்தில் கதிரியக்கக் கார்பன்-14 கொஞ்சம் இருக்கும். மரம் இறந்த பிறகு 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்த நிலக்கரியில் அது துளியும் மிஞ்சாது. ஆகவே நிலக்கரியை எரித்தால் கார்பன்-14 இல்லாத கார்பன் காற்றில் கலக்கிறது. அந்தக் காற்றை உண்ணும் மரத்திலும் அதன் அளவு குறைகிறது. 1955இல் ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் இதை மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்தே காட்டினார். பின்னாளில் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐக் கொட்டிக் கணக்கைக் குழப்பின. ஆனாலும் அடிப்படை உண்மை மாறவில்லை.

காற்றுக்கு ஊர் எல்லை கிடையாது. ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கக் கலந்துவிடும். சாஸ்நாலாவில் அவர்கள் வெட்டி, உலையில் எரிந்து புகையாய்ப் போன கரியின் ஏதோ ஒரு சிறு பங்கு, கோட்டாறில் நிற்கும் வேம்பிலும் புன்னையிலும் சேர்ந்திருக்கும். அந்த வகையில் அவர்களது உழைப்பு நம் மரங்களின் உடம்பிலேயே இருக்கிறது. பெயர் பொறித்த கல்லால் இது முடியாது.

இப்படி ஒரு மரம் நட நினைப்பவர்கள் தேக்கைத் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊர் மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் மங்கலாக இருக்கும். தேக்கில் தெளிவாக விழும்; அந்தந்த ஆண்டு காற்றிலிருந்து மரம் எடுத்த கார்பன் அந்தந்த வளையத்தில் இருக்கும். டிசம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஐப்பசி மழையிலேயே குழி வெட்டி நட்டுவிடுங்கள். டிசம்பர் 27க்குள் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு கோடையிலும் மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள்.