இருதயமும் இரத்தத் தட்டணுக்களும்

நெஞ்சில் வலி கண்டால் அதனை வாயுத் தொல்லை என்று கருதி, சுக்குக் கஷாயம் அருந்திப் படுத்துக்கொள்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். சொந்த ஊராயின் அண்டை வீட்டார் வற்புறுத்தி வைத்தியரிடம் அழைத்துச் செல்வர். புணே நகரை அடுத்த லோஹேகாவ் போன்ற இடங்களில் வேலை நிமித்தம் குடியேறிய நாமோ, மொழி தெரியாத கூச்சத்தால் மேலும் தாமதிக்கிறோம். அத்தாமதத்தின்போது உடலுக்குள் நிகழ்வது யாது?

நம் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் உள்ளன. இவற்றின் பணியை 1882-ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி பிஸ்ஸொஸேரோ விளக்கினார். ஏரிக்கரை உடைந்தால் ஊரார் ஓடிவந்து மணல் மூட்டை அடுக்குவது போல, காயம்பட்ட இரத்தக் குழாயில் இவை ஒட்டிக்கொண்டு குருதிப் பெருக்கை நிறுத்துகின்றன.

இந்த நற்பணியே சில வேளைகளில் தீங்காக முடிகிறது. இருதயத் தமனியின் சுவரில் கொழுப்புப் படிந்த இடத்தில் அழற்சி ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அதனால் நலிந்த மேற்படலம் கிழியுமாயின், தட்டணுக்கள் அதனையும் காயமென்றே கொண்டு குவிகின்றன, குழாய் அடைபடுகிறது. அவை வெளியிடும் பொருள்கள் வெள்ளணுக்களை அழைத்து அழற்சியை மேலும் வளர்க்கின்றன.

ஆஸ்பிரின் இதனை எவ்வாறு தடுக்கிறது என்பதற்கு வழிகாட்டிய ஆய்வை ஜான் வேன் 1971-இல் வெளியிட்டார்; 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆகவே ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அது புதிதாக ஆக்கிக்கொள்ள இயலாது. தன் ஆயுளான பத்து நாள் வரை அவ்வாறே இருக்கும். மாரடைப்புற்ற 17,187 பேரைக் கொண்டு நடந்து, 1988-இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் பெற்றோரிடையே ஐந்து வாரங்களில் இருதய, இரத்தக் குழாய் நோய் மரணங்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. 2017-இல் பால் ரிட்கர் குழுவினர், கொழுப்பைக் குறைக்காது அழற்சியை மட்டும் தணித்தாலும் மாரடைப்புக் குறையும் என்று காட்டினர். எனினும் அம்மருந்தால் தொற்று மரணங்கள் சற்று மிகுந்தன.

ஆகவே மருந்தை நாமே தொடங்குதல் கூடாது; ஆஸ்பிரினும் குருதிக் கசிவை விளைவிக்கக்கூடும். புகைத்தலை விடுதலும், நீரிழிவைக் கட்டுக்குள் வைத்தலும் நம் கையில் உள்ளவை. வலி கண்டால் 108-ஐ உடனே அழைக்கலாம். தமிழ்நாட்டில் பழகிய அவ்வெண்ணே மகாராஷ்டிரத்திலும் ஆம்புலன்ஸை வரவழைக்கும். மார்பு வலிக்கிறது என்பதற்கு மராத்தியில் 'சாத்தீத் துக்தய்' என்பர். இவ்விரு சொற்களை வீட்டிலுள்ள அனைவரும் மனப்பாடம் செய்துகொள்ளுதல் நலம்.