வாசனை தெம்பு தருமா?

காய்ச்சல் விட்டுவிடும், அசதி விடாது. கொரோனாவிலிருந்து மீண்ட பலர் மாதக்கணக்கில் இப்படித் தவித்தார்கள். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே, இன்னும் என்ன சோர்வு?" என்ற கேள்வி அவர்களை இன்னும் சோரவைத்தது. அந்தச் சோர்வு உண்மையானது என்பதை முதலில் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோர்வுக்குத் தாவர வாசனை எண்ணெய்கள் உதவுமா என்று அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்திப் பார்த்தார்கள். முடிவு 2022-இல் வெளியானது. தொற்று நீங்கிப் பல மாதங்களாகியும் அசதி தீராத 40 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் தைம் என்னும் மூலிகை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, குந்திரிக்கம் ஆகியவற்றின் எண்ணெய்க் கலவையைத் தினம் இருவேளை முகர்ந்தார்கள். மற்றவர்களுக்குப் போலி மருந்து. 14 நாள் கழித்துப் பார்த்தபோது, கலவையை முகர்ந்தவர்களிடம் சோர்வு குறைந்திருந்தது.

நல்ல சேதிதான். ஆனால், வெறும் 40 பேர், இரண்டே வாரம். சோதித்ததும் யங் லிவிங் நிறுவனம் விற்கும் கலவையை. மாத்திரையென்றால் எது மருந்து, எது போலி என்று தெரியாமல் கொடுத்துவிடலாம். கிராம்பு வாசனையை எப்படி மறைப்பது? பலன் வாசனையினாலா, நம்பிக்கையினாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். மூக்கின் நரம்புகளுக்கு மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளோடு நெருங்கிய தொடர்பு உண்டு. ஆகவே மனம் தெளிவதில் வியப்பில்லை. நோயின் வேர் அறுந்தது என்பதற்கு அது சான்றாகாது.

எனக்குப் பெரிய கவலை வேறு. இந்த நோயாளிகளில் பலருக்கு, சற்று அதிகமாக உழைத்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு ஒரேயடியாகப் படுத்துவிடும். வாசனை தந்த உற்சாகத்தில் தேங்கிக் கிடக்கும் துணியையெல்லாம் ஒரே நாளில் துவைக்கக் கிளம்பினால் நிலைமை மோசமாகும். தெம்பு இருக்கும்போதே வேலையை நிறுத்தி ஓய்வெடுக்கப் பழகுவதுதான் அவர்களுக்கு முக்கியம்.

பிடித்த வாசனையென்றால் பஞ்சில் ஒரு துளி விட்டு முகரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கிராம்பு எண்ணெயை அப்படியே தோலில் தடவினால் எரிச்சல் உண்டாகும். எந்த வாசனை எண்ணெயையும் குடிக்கவே கூடாது. நம் வீடுகளில் இருக்கும் நீலகிரித் தைலத்தைக் குழந்தை சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரலாம். எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாரக்கணக்கில் அசதி நீடித்தால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். இருமலும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.